கெயின் எண்டால் வொல்யூம் இல்லை, மச்சான்

இந்தக் கிழமை எபிசோட்டில் கார் ஓடியோ பற்றிக் கதைச்சோம். கெயினுக்கு வந்த இடத்தில நேரம் முடிஞ்சிட்டுது. மிச்சத்தை இங்க எழுதுறன். என்ர கருத்து இதுதான்: ஸப்வூஃபர் ஆம்பின்ர கெயினைக் காதால செட் பண்ணக்கூடாது, மீட்டராலதான் செட் பண்ண வேணும்.

நானும் ஒரு காலத்தில காதை நம்பினவன்தான். முதல் ஸப் பூட்டின அண்டைக்கு ஒரு ஃபிரெண்ட் டிக்கிக்குள்ள குனிஞ்சு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" எண்டு திருகிக்கொண்டே இருந்தான். பின் கண்ணாடி அதிர்ந்துது, எல்லாருக்கும் சந்தோஷம். மூண்டு கிழமைக்குப் பிறகு ஹைவேயில போகேக்க கருகின மணம். வொயிஸ் கொயில் எரிஞ்சு போச்சு. சம்மர் முழுக்க வேலை செய்து சேர்த்த காசு அது.

பிழை எங்கே? ஹெட் யூனிட்டில் இருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதுதான் கெயினின் வேலை. சில ஹெட் யூனிட் 2 வோல்ட் தரும், சிலது 4 வோல்ட் தரும். எதைப் பூட்டினாலும் ஆம்ப் தன் முழுப் பவருக்குப் போகவேணும் என்பதற்காகவே அந்தத் திருகி இருக்கிறது. அதைக் கடைசி வரை திருகினால் புதுசாப் பவர் முளைக்காது. அலையின் தலை கூரையில் இடிச்சுத் தட்டையாகும். அதுதான் கிளிப்பிங். உச்ச வோல்டேஜ் ஒன்றாகவே இருந்தாலும், முழுக்கத் தட்டையான சதுர அலை, ஒழுங்கான சைன் அலையைவிட இரண்டு மடங்கு பவரைக் கொயிலுக்குள் தள்ளும். அந்தப் பவரில் பெரும்பகுதி சத்தமாக மாறாது, சூடாகத்தான் மாறும்.

இதைக் காது பிடிக்காது. தாழ்ந்த சுருதியில் வரும் சிதைவை மற்ற வாத்தியங்களும் பாட்டும் மூடிவிடும். அதோட, பவர் இரண்டு மடங்கானாலும் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது "கொஞ்சம் கூட" மாதிரித்தான். கொயிலுக்கு அது இரண்டு மடங்கு சூடு.

சரி, எப்படிச் செய்யிறது? ஸப்பின் வயரைக் கழட்டுங்கோ. கெயினை மினிமத்தில் வையுங்கோ. பேஸ் பூஸ்ட், ஈக்குவலைசர் எல்லாம் பூச்சியம். ஹெட் யூனிட் வொல்யூம் முக்கால்வாசி. 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒண்டைப் போடுங்கோ. மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடியுங்கோ.

எத்தனை வோல்ட் வரவேணும்? ஆர்எம்எஸ் வாட்டை ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கோ. 500 வாட், 2 ஓம் எண்டால் 31.6 வோல்ட். ஸப் தாங்கிறது 300 வாட்தான் எண்டால் 24.5 வோல்ட். ஆம்ப், ஸப் இரண்டில் எது சின்னதோ அந்த வாட்டை எடுங்கோ. பெட்டியில் பெரிசா எழுதியிருக்கிற "மக்ஸ்" வாட்டை மறந்திடுங்கோ. கெயினை மெல்லத் திருகி, அந்த எண் வந்ததும் நிப்பாட்டுங்கோ. பிறகு பேஸ் பூஸ்டைத் தொடாதேங்கோ. 6 டெசிபெல் கூட்டினால் ஆம்பிட்ட நாலு மடங்கு பவர் கேக்கிறீங்கள்.

மீட்டருக்கும் குறை இருக்கு. அது எண்ணைக் காட்டும், அலையின் வடிவத்தைக் காட்டாது. ஹெட் யூனிட்டே கிளிப் ஆனால் அதுக்குத் தெரியாது. ஒஸிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் எங்களில் எத்தனை பேரிட்ட அது இருக்கு? மலிவான மல்டிமீட்டர் ஒண்டும் பத்து நிமிசமும் எல்லாராலும் முடியும்.

"அளந்து வச்சால் சத்தம் காணாது" எண்டு கட்டாயம் ஒருத்தன் சொல்லுவான். காணாட்டி பெரிய ஆம்போ, நல்ல பெட்டியோ வேணும் எண்டுதான் அதுக்கு அர்த்தம். கெயினைத் திருகி இல்லாத பவரை எடுக்க ஏலாது. டிக்கிக்குள்ள குனியிற ஃபிரெண்டிட்ட அடுத்த முறை ஸ்க்ரூட்ரைவரைக் குடுக்க முதல், மீட்டரைக் குடுங்கோ.