21 ஆண்டு என்னும் எல்லைக்கோடு

சேவை முடித்து வெளியேறும்போது கைநிறையப் பணம் பெற்றும் வீடற்று அலையும் முன்னாள் சிப்பாய் தன் ஊதாரித்தனத்தையே நொந்துகொள்ள வேண்டும் என்று வாதிக்கும் நண்பர், மலேசியாவின் சிலிம் ரிவர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களின் சரித்திரத்தைச் சற்றும் விசாரித்தாரில்லை. தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வரிசை வீடு தொழிலாளிக்கு ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. தந்தை வேலையைவிட்டு நீங்கினாலும், தோட்டத்தைக் கூறுபோட்டு விற்கும் துண்டாடலில் அது கைமாறினாலும், குடும்பத்தின் கூரை பறிபோயிற்று. அத்தகைய லயத்தில் பிறந்து, 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை நீடித்த கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின்போது காடுகளில் காவல் திரிந்த ஒருவன், 21 ஆண்டுச் சேவையைப் பூர்த்தி செய்யாமல் விலகினால் சாதாரணச் சிப்பாய்க்குரிய ஓய்வூதியம் அவனுக்குக் கிடையாது என்பதே விதியாயிருக்க, சேமநிதியிலிருந்து ஒரே தவணையில் வரும் தொகையைக் கொண்டு அவன் மனை வாங்குவானா, பிள்ளைகளைப் படிக்கவைப்பானா?

முன்னாள் படைவீரர்களுக்கென்று தனி இலாகாவே இருக்கிறதே என்கிறார் நண்பர். இருக்கிறது, சகாயங்களும் உண்டு. ஆனால் அவை மனுச் செய்பவனைத்தான் சென்றடைகின்றன. விலாசம் கேட்கும் படிவத்தை விலாசமற்ற முதியவன் எங்ஙனம் பூர்த்தி செய்வான்? உண்மையில் அக்கறை இருக்குமாயின், ஓய்வூதியமின்றி விலகியோரின் பெயர்களை ராணுவப் பதிவேடுகளிலிருந்து திரட்டிக்கொண்டு, அதிகாரிகளே தோட்டப்புறங்களுக்கும் பட்டணத்துக் கடைகளின் ஐந்தடி நடைபாதைகளுக்கும் தேடிச் செல்லட்டும்; முதல் உதவியாக அவர்களுக்கு வாடகை வீடு கொடுக்கட்டும்.