மூச்சுப்பயிற்சியும் மூச்சுக்காற்றும்

யானைக்கவுனியில் இன்று கவுனியும் இல்லை, யானையும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐதர் அலியின் படைக்கு அஞ்சி வெள்ளையர் கருப்பர் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாயிற்பெயர் மட்டும் எஞ்சி நிற்கின்றது. அம் மதிலுக்கென விதிக்கக் கருதிய வரியின் பெயரைச் சுமக்கும் வால்டாக்சு சாலையில், மூட்டை தூக்கிக் காய்த்த தோள்களும், நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களும் இன்றும் உள. அங்கிருந்து இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கே நீளும் துறைமுக, ஆலைப் பகுதி மக்களுக்கு ஓகமும் ஊழ்கமும் (தியானமும்) கற்றுத் தந்தால் நொந்த உள்ளம் ஆறும், இடரைத் தாங்கும் திறன் வளரும் என்கின்றனர் சிலர்.

அக் கூற்றில் உண்மை உண்டு. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், ஏதிலியர் முகாம்களில் இருந்த 183 பேரிடம் மூச்சுப்பயிற்சியின் பயனை ஆய்ந்தனர். 2010-இல் வெளிவந்த அவ் ஆய்வின்படி, பயிற்சி பெற்றோரின் அதிர்ச்சித்துயர் அளவு ஆறு கிழமைகளில் நாற்பது புள்ளிக்கு மேல் தாழ்ந்தது. பயிற்சிக்காகக் காத்திருந்தோர்க்கோ ஐந்து புள்ளியும் குறையவில்லை. முகாம்வாரியாகப் பிரித்தார்களே அன்றித் திருவுளச்சீட்டு முறையில் பிரிக்கவில்லை. ஆதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் புறந்தள்ளத்தக்கதும் அன்று. மூச்சை மெல்ல நெடிதாக விடுங்கால் பத்தாம் மண்டை நரம்பு நெஞ்சத்துடிப்பைத் தணிக்கின்றது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

திருமூலர் தம் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுக்குப் பதினாறு, அறுபத்து நான்கு, முப்பத்திரண்டு என மாத்திரைக் கணக்கே வகுத்துள்ளார். அவ்விடத்துப் பூரித்தல், கும்பித்தல், இரேசித்தல் என வடசொற்களையே அவர் ஆண்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உள்ளிழு, நிறுத்து, வெளிவிடு என்று சொன்னால் மூட்டைத் தொழிலாளிக்கும் விளங்கும். விளங்காத மொழியில் ஏவினால், அச்சத்தில் நடுங்குபவர் மூச்சைக் கவனிப்பாரா, சொல்லுக்குப் பொருள் தேடுவாரா? கட்டணம் செலுத்திக் குளிரறையில் பயில்வோர்க்கு இவ் இடர் தெரியாது.

மற்றொன்றும் உண்டு. கொடிய நிகழ்ச்சியைக் கண்டவரைக் கண்மூடி அமரச் செய்தால், அந் நிகழ்ச்சியே உள்ளே எழுந்து வருத்துதலும் நேரும். அத்தகையோர் கண் திறந்திருக்கலாம். வேண்டாதபொழுது எழுந்து செல்லலாம். இவற்றை அறியாதார் துயருற்றோரிடம் ஊழ்கம் கற்பிக்கப் புகுதல் தகாது.

இனி, எண்ணூருக்கு வருவோம். தி.பி. 2054 (கி.பி. 2023) திசம்பர்த் திங்களில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு கொசத்தலை ஆற்றில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்தன. அத் துயர் ஆறுமுன்னரே 26-ஆம் நாள் நள்ளிரவில், கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து, கண்ணெரிய, மூச்சடைக்க, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். ஐம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மருத்துவமனை புகுந்தனர்.

இம் மக்களிடம் சென்று, 'மூச்சை ஆழ இழுங்கள்' என்று எந்த முகத்தோடு சொல்வது? எந்தக் காற்றை இழுப்பது?

தாங்கும் திறன் என்பது நல்ல சொல்தான். ஆனால் எதனைத் தாங்குவது? புயலைத் தாங்கலாம், பெற்ற பிள்ளையைக் கடல் கொண்டதையும் நாளடைவில் தாங்கப் பழகலாம். இயற்கை செய்தது அது. ஆலைக்குழாய் கசிவது இயற்கை அன்று. அடுத்த கசிவைத் தடுக்கவும் இயலும். அதற்குரிய பொறுப்பை ஆலை ஏற்காதபொழுது, பொறுமைப் பயிற்சியை மட்டும் குப்பத்திற்கு அனுப்புதல், அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனுக்கு அழாதிருக்கக் கற்பிப்பதாகும். அம் மக்கள் நாள்தோறும் ஆலைவாயிலில் கூடிப் போராடியதும் உளநலம் காக்கும் செயலே. தன் துயர்க்குக் காரணம் தன் ஊழ் அன்று என்று ஒருவர் அறிந்த அளவிலேயே நெஞ்சின் சுமை பாதி இறங்கும்.

ஆதலின் பயிற்சி வேண்டா என்பதன்று. அரசு மருத்துவமனைகளில், பள்ளிகளில், குப்பங்களின் வலைக்கூடங்களில் கட்டணமின்றித் தமிழில் அது நடைபெறட்டும். அரும்பாக்கத்து அரசு ஓக, இயற்கை மருத்துவக் கல்லூரியில் பயின்றோர் அங்கு வந்து கற்பிக்கட்டும். அவர்கள் பாய் விரிக்கும் இடத்திலேயே அன்றைய காற்றின் நச்சளவும், குழாயை இறுதியாக ஆய்ந்த நாளும், எச்சரிக்கைச் சங்கு ஊதினால் ஓடவேண்டிய வழியும் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும்.