வேண்டாம் என்றவர்கள் காப்பாற்றிய மலை

சென்னை தட்டையான ஊர் என்று யாராவது சொன்னால், அவர் தாம்பரம் லோக்கலில் ஜன்னல் சீட் கிடைக்காதவர் என்று நினைத்துக்கொள்வேன். கிண்டியைத் தாண்டினால் பரங்கிமலை. அதற்குப் பிறகு பல்லாவரம் வரை கரும்பாறைக் குன்றுகள் வந்துகொண்டே இருக்கும். திரிசூலத்தில் ஒரு பக்கம் விமான நிலையம், மறுபக்கம் மலை. நடுவில் ரயிலும் ஜி.எஸ்.டி. ரோடும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன.

இந்தப் பகுதிக்கு என்று ஒரு குணம் உண்டு. சென்னையின் மற்றப் புறநகர்களைப் போல இதுவும் வீட்டு மனை புரோக்கர்களின் கைக்குப் போய்விட்டது என்றாலும், முழுசாகப் போகவில்லை. பழைய ஓட்டு வீடுகள், தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கும் அகலத் தெருக்கள், சுண்ணாம்பு பூசிய தேவாலயங்கள் எல்லாம் இன்னும் மிச்சமிருக்கின்றன. இதற்குக் காரணம் அங்கே இருப்பவர்களின் ரசனை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. இங்கே ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சொன்னது ராணுவம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே பரங்கிமலையும் பல்லாவரமும் பட்டாளத்தின் இடங்கள். பரங்கிமலையில் பீரங்கிப் படை இருந்தது. பல்லாவரத்தில் ஓய்வு பெற்ற ஐரோப்பியச் சிப்பாய்களைக் குடிவைத்தார்கள்; வெட்டரன் லைன்ஸ் என்ற இடப்பெயர் அந்த வழியில் வந்ததுதான். அவர்களுக்குப் பின் ரயில்வேயிலும் தந்தி அலுவலகத்திலும் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெருகின. பரங்கிமலையை மவுண்ட் என்று மட்டும் சொன்னாலே போதும், எந்த மலை என்று அந்த வட்டாரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கன்டோன்மென்ட் நிலத்தில் நினைத்தபடி கட்டடம் எழுப்ப முடியாது. மரங்கள் பிழைத்தது அதனால்.

அடுத்து விமானம். 1932-ல் டாட்டாவின் அஞ்சல் விமானச் சேவை கராச்சியில் தொடங்கிச் சென்னையில் முடிந்தது. அதன் பிறகு மீனம்பாக்கம் வளர வளர, சுற்றியுள்ள வீடுகளின் உயரத்துக்கு எல்லை வந்தது. வானத்தில் கோடு போட்டு 'இதற்கு மேல் வேண்டாம்' என்றார்கள். மலைகளை மட்டும் குறைக்க முடியாதே. உச்சியில் சிவப்பு விளக்கைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது தொல்லியல் துறை. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் துறைக்காரர் பல்லாவரம் பட்டாள மைதானத்தில் ஒரு செம்மண் சரளைக் குழியில் செதுக்கிய கல் ஒன்றை எடுத்தார். கைக்கோடரி. இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே பல்லாவரத்தில் பெருங்கற்காலத்து ஈமக்காடும் இருக்கிறது; அங்கே கிடைத்த சுடுமண் ஈமப்பேழைகளைத் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ பதிவு செய்திருக்கிறார். அந்த இடம் இன்று பாதுகாக்கப்பட்ட பகுதி. 2010-ல் திருத்திய சட்டப்படி அப்படிப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். மாடி எடுக்க ஆசைப்பட்டவர்களுக்கு இது பெரிய கஷ்டம். ரிட்டயர்மென்ட் பணத்தை மனையில் போட்டுவிட்டுக் காத்திருப்பவனிடம் போய்க் கற்காலப் பெருமை பேசினால் அடிக்க வருவான். அவன் கோபம் நியாயமானதுதான்.

ஆனால் மலைக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். தடை இருந்த இடத்தில் அது நிற்கிறது. பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி. மேலே 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய கோயில், ஏறிப் போக ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் போட்டுக் கொடுத்த படிகள். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையடியில் இருந்துதான் சங்கிலி பிடித்து அளக்க ஆரம்பித்தார். பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைல். 57 நாள் வேலை. இமயம் வரை போன பெரிய நில அளவைக்கு அடிக்கோடு அதுதான். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை இன்று தர்காவாக வணங்கப்படுகிறது, அதனால் அந்தப் பாறையிலும் யாரும் கைவைக்கவில்லை.

தடை இல்லாத இடம் திரிசூலம். சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில் அடிவாரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த குன்றுகளை வெடி வைத்து வெட்டி எடுத்தார்கள். இந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல் போனதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அப்படிப் பெயர் வைத்தார். பரங்கிமலையில் இதே பாறையைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். ஒரு சின்ன ரயில் பயண தூரத்தில் அதே பாறை ஜல்லியானது. வருஷக்கணக்கில் கிரஷர் தூசி வீட்டுக் கொடியில் காயும் துணிகளில் படிந்தது. சென்னையில் கான்க்ரீட் வீட்டில் குடியிருப்பவர்கள் பலரும் ஒரு குன்றின் துண்டு மேல்தான் படுத்துத் தூங்குகிறார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெட்டி முடித்த பிறகு அங்கே பெரிய பள்ளங்கள் நின்றன. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையும் நீலமுமாகக் கிடக்கின்றன. பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் அந்த ஆழத்தை நம்பி ஏமாந்திருக்கிறார்கள். மலைகளிலிருந்து வழியும் தண்ணீரை வாங்கிக்கொள்ள அடிவாரத்தில் பல்லாவரம் பெரிய ஏரி இருந்தது. இன்று துரைப்பாக்கம் ரேடியல் ரோடு அதை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. ஒரு பகுதியில் பல வருஷம் குப்பை கொட்டினார்கள். மலையை வெட்டியது ஒருத்தர், ஏரியை மூடியது வேறொருத்தர் என்று கணக்குப் பிரித்தாலும், மழை பெய்யும்போது தண்ணீர் தெருவுக்குத்தான் வருகிறது.

தடையெல்லாம் நல்லது என்று நான் வாதாடவில்லை. இடிந்த சுவரைக்கூடப் பூசவிடாத தடை யாருக்கும் உதவாது. ஆனால் யாரும் எதுவும் சொல்லாமல் விட்டால் இந்த நகரம் மலையையே தின்றுவிடும் என்பதைத் திரிசூலம் காட்டிவிட்டது. இனி அங்கே காப்பாற்ற வேண்டியது பாறையை அல்ல, அந்தப் பள்ளத்துத் தண்ணீரை. 2017 கோடையில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்தம் செய்து சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். திரிசூலத்துக் குட்டைகளையும் பரிசோதித்து, சுற்றி வேலி போட்டு, குப்பை லாரிகளை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த கோடையில் டேங்கருக்கு வரிசையில் நிற்பதற்குள் இதைச் செய்யச் சொல்லி, அந்தப் பக்கம் குடியிருக்கும் வாசகர்கள் உங்கள் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் எழுத்தில் கேளுங்கள்.