சமூக ஊடகத்துக்கு பிரேக் விட்டால் வேலை போகுமா? கோல சிலாங்கூர் கலைஞர்கள் போட வேண்டிய கணக்கு

2025 ஏப்ரலில் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ஒரு சிறு அறிவிப்பு போட்டார். 'கூலி' படத்தின் விளம்பர வேலைகள் தொடங்கும் வரை எல்லா சமூக ஊடகங்களிலிருந்தும் சின்ன பிரேக் எடுக்கப் போவதாகச் சொன்னார். 2022 ஆகஸ்டிலும் 2023 டிசம்பரிலும் இதையே செய்திருந்தார். 'கூலி' ஆகஸ்ட் 14-இல் திரைக்கு வந்தது. இடைப்பட்ட மாதங்களில் யாரும் அவரை மறந்துவிடவில்லை.

அதே அறிவிப்பை, பெஸ்தாரி ஜெயாவில் இருந்துகொண்டு கல்யாண வீடியோ எடுக்கும் நீங்கள் போட்டால் என்ன ஆகும்?

"ரெண்டு வாரம் போஸ்ட் போடலைன்னா, ஆள் தொழிலை விட்டுட்டாருன்னு நினைச்சுக்குவாங்க." முதலில் வரும் பயம் இதுதான். படம் எடுப்பவர், மேக்கப் போடுபவர், மருதாணி வைப்பவர், மணவறை அலங்காரம் செய்பவர், குறும்படம் எடுப்பவர், சொந்தமாகப் பாட்டு வெளியிடுபவர் என எல்லாருக்கும் இது இருக்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழக்கம் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இங்கே ஏன் இது வேறு கதை?

பெரிய இயக்குநர் ஒதுங்கும்போது அவருக்குப் பின்னால் தயாரிப்பு நிறுவனம் இருக்கிறது. விளம்பரக் குழு இருக்கிறது. அவர் பேசாவிட்டாலும் அவரைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ தனியாகத் தொழில் செய்பவருக்கு அப்படி யாரும் இல்லை. விளம்பர நிறுவனங்களும் தயாரிப்பு நிறுவனங்களும் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் சுமார் 70 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைக் குறைத்தது கைப்பேசிதான். கடை வாடகை இல்லாமல் கடை திறக்க இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் இடம் கொடுத்தன.

தோட்டத்திலிருந்து ஒருவர் நாடு முழுக்கத் தெரிய வர முடியும் என்பதை 2020-லேயே பார்த்தோம். பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு–பவித்ரா தம்பதியின் சமையல் காணொளிகள், அன்றைய பிரதமர் முகைதீன் யாசின் தமது உரையில் பெயர் சொல்லும் அளவுக்குப் போயின.

இன்னொரு காரணமும் உண்டு. வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் கைமாறின. மக்கள் சிதறிப் போனார்கள். மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே லயத்தில் இருந்த குடும்பங்கள் இன்று வெவ்வேறு ஊரில், வெவ்வேறு அடுக்குமாடியில். கோயில் திருவிழா எப்போது, யார் வீட்டில் கல்யாணம், யார் தவறிவிட்டார் என்பதெல்லாம் இப்போது வாட்சாப் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும்தான் தெரிய வருகிறது. உங்கள் வாடிக்கையாளர்களும் அவர்களே. அதனால் இங்கே ஒருவர் சமூக ஊடகத்தை விடுவது, பொழுதுபோக்கை விடுவது போல ஆகாது. கடையையும் ஊரையும் சேர்த்தே விடுவது போல ஆகிவிடும்.

அப்படியும் ஏன் ஒதுங்க நினைக்கிறார்கள்?

தமிழ்ப் படங்களிலும் நடிக்கும் ஐஸ்வர்யா லட்சுமி 2025 செப்டம்பரில் சமூக ஊடகங்களை விட்டு விலகுவதாக அறிவித்தார். தொழிலுக்கு உதவும் என்று நினைத்துச் சேர்ந்த இடம், வேலையிலிருந்தே தமது கவனத்தைத் திருப்பிவிட்டது, சொந்தமாக யோசிப்பதைக் குறைத்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். கண்ணில் படாதவரை இந்தக் காலம் மறந்துவிடும் என்று தெரிந்தே அந்த முடிவை எடுப்பதாகவும் எழுதினார். அதே மாதம் நடிகை அனுஷ்கா ஷெட்டியும் சில காலம் விலகியிருக்கப் போவதாகக் கையால் எழுதிய குறிப்பை வெளியிட்டார்.

சின்ன அளவில் தொழில் செய்பவருக்கும் இதே சிக்கல்தான். ஒரு கல்யாணத்தைப் படம் எடுப்பது ஒரு வேலை. அதை எடிட் செய்வது இன்னொரு வேலை. அதிலிருந்து ரீல் வெட்டி, டிரெண்டிங் பாட்டு தேடி, கமெண்டுக்குப் பதில் போட்டு, அடுத்தவர் ரீலோடு ஒப்பிட்டுப் பார்த்து மனசு உடைவது மூன்றாவது வேலை. முதல் இரண்டுக்குத்தான் சம்பளம் வருகிறது.

ஒதுங்கினால் உண்மையில் என்ன கிடைக்கும்?

2018-இல் ஸ்டான்ஃபோர்ட், நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் சுமார் 2,700 ஃபேஸ்புக் பயனர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து, நான்கு வாரம் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். முடிவுகள் 2020-இல் வெளியாயின. ஒதுங்கியவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலையில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. அதே நேரம் நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. சோதனை முடிந்த பிறகும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே ஃபேஸ்புக்கைப் பயன்படுத்தினார்கள்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, பலன் உண்டு, ஆனால் பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. இரண்டு, அவர்கள் பொதுவான பயனர்கள். ஃபேஸ்புக்கை நம்பித் தொழில் செய்பவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. ஆர்டர் போய்விடுமோ என்ற கவலை அந்தக் கணக்கில் இல்லை. உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

நீங்கள் ஒதுங்காவிட்டாலும் தளம் ஒதுங்கலாம்

"அப்போ பிரேக்கே வேண்டாம், இருந்துவிடுகிறேன்" என்று நினைத்தால், அதுவும் பாதுகாப்பான வழி இல்லை.

2019 ஏப்ரல் 3-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்கும்படி உத்தரவிட்டது. மூன்று வாரத்தில் அந்தத் தடை நீங்கியது. ஆனால் 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் ஒரேயடியாகப் போனது. தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து அதில் ஆடியும் பாடியும் நடித்தும் பெயர் எடுத்தவர்கள், தங்களைப் பின்தொடர்ந்தவர்களை ஒரே இரவில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்சாப் மூன்றும் உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் முடங்கின.

ஃபாலோவர் பட்டியல் உங்களுடையது போலத் தெரிந்தாலும், அது தளத்தின் கையில் இருக்கிறது. ஐயாயிரம் பேர் உங்களைப் பின்தொடரலாம். அவர்களில் ஒருவருடைய தொலைபேசி எண்கூட உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். பிரேக் எடுக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் மன உறுதியைவிட இந்த ஒரு விஷயம்தான்: வாடிக்கையாளரின் முகவரி யாரிடம் இருக்கிறது? அது உங்களிடம் இருந்தால் நிம்மதியாக ஓய்வெடுக்கலாம். தளத்திடம் மட்டும் இருந்தால், ஓய்வுக்கும் அதனிடம் அனுமதி கேட்பது போலத்தான்.

ஓய்வு வேறு, விரட்டப்படுவது வேறு

எல்லாரும் களைப்பால் ஒதுங்குவதில்லை. 2024 ஜூலையில் ஈஷா என்று அறியப்பட்ட டிக்டாக் பிரபலம் ராஜேஸ்வரி அப்பாகு, இணையப் பகடிவதைக்கு ஆளாகி உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன் போலீசில் புகாரும் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, சிறு குற்றச் சட்டத்தின் கீழ் 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டபோது நாடே கேள்வி கேட்டது.

அதன் பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூலை 11 முதல் பகடிவதை தனிக் குற்றம். தற்கொலைக்குத் தூண்டும் அளவுக்குப் போனால் 10 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் மலேசியாவில் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1-இல் வந்தது. தீங்கான உள்ளடக்கத்துக்குத் தளங்களைப் பொறுப்பாக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது.

அதனால், யாரோ மிரட்டுவதால் நீங்கள் ஒதுங்க நினைத்தால் அதை "டிஜிட்டல் டிடாக்ஸ்" என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். கணக்கை நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், லிங்க், தேதி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். கணக்கோடு ஆதாரமும் போய்விடக் கூடாது. போலீசில் புகார் கொடுங்கள், தனியாகப் போகாமல் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

சரி, எப்போது, எப்படி?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கடைசியாகச் செய்த பத்து வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எப்படி வந்தது? ரீல் பார்த்து வந்ததா, போன கல்யாணத்தில் பார்த்த பெரியம்மா சொல்லி வந்ததா? பத்தில் ஏழு வாய்வழி வந்திருந்தால், உங்கள் கடை இன்ஸ்டாகிராமில் இல்லை. அங்கே இருப்பது பெயர்ப்பலகை மட்டும்தான். பலகையைத் தினமும் துடைக்க வேண்டியதில்லை. பத்தில் எட்டு ரீல் வழி வந்திருந்தால், இப்போதே முழுசாக ஒதுங்காதீர்கள். முதலில் மாற்று வழி கட்டுங்கள்.

மாற்று வழி என்றால் பெரிய செலவு இல்லை. பழைய வாடிக்கையாளர்களின் பெயர், எண், விசேஷத் தேதியை ஒரு பட்டியலில் சேர்த்து வையுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் மூன்றிலும் உங்கள் தரவைப் பதிவிறக்கும் வசதி இருக்கிறது. படங்களையும் காணொளிகளையும் உங்கள் ஹார்டு டிஸ்கில் வையுங்கள். வாட்சாப் பிசினஸில் உங்கள் சேவைப் பட்டியலைப் போடலாம், தானியங்கிப் பதிலும் வைக்கலாம். "அண்ணே, அந்த டேட் ஃப்ரீயா?" என்று கேட்டவருக்கு அது பதில் சொல்லும். மண்டபத்திலும் சேலைக் கடையிலும் ஒரு கார்டு கொடுத்து வையுங்கள். கோயில் நிர்வாகத்திடமும் ஒன்று இருக்கட்டும்.

அடுத்தது, காலம். இதற்கு நம்மிடமே ஒரு நாள்காட்டி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் கல்யாணங்கள் அரிது. ஏறக்குறைய ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையும், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரையும் கல்யாண வேலையை நம்பியிருப்பவருக்கு இயல்பாகவே இடைவெளி. நான்கு வாரம் ஒதுங்க அதைவிட நல்ல நேரம் இல்லை. கோயில் திருவிழா படம் எடுப்பவராக இருந்தால் கணக்கு தலைகீழ்: ஆடி உங்களுக்கு அறுவடைக் காலம், மார்கழியைப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாரும் பிரேக் எடுக்க வேண்டாம்.

கடைசியாக, கணக்கை நீக்குவதும் முடக்கி வைப்பதும் ஒன்றில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக்கில் நீக்கச் சொல்லிவிட்டு 30 நாட்களுக்குள் திரும்பாவிட்டால் கணக்கு நிரந்தரமாகப் போய்விடும். பிரேக் என்றால் செயலியைக் கைப்பேசியிலிருந்து எடுத்தாலே போதும். போகும்முன் ஒரு பதிவை மேலே பின் செய்யுங்கள்: எந்தத் தேதி வரை இல்லை, எந்த எண்ணில் அழைக்கலாம். அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளை மட்டும் நான்கு வாரம் எழுதி வையுங்கள்.

திரும்பி வரும்போது உங்கள் கையில் இரண்டு பட்டியல் இருக்கும். ரீல் போட்டு வந்த வேலை எவ்வளவு, போடாமலே வந்த வேலை எவ்வளவு. வாரத்துக்கு எத்தனை பதிவு போட வேண்டும் என்பதை இனி அந்த எண்களைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யலாம்.

மன அழுத்தமோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ இருந்தால் உடனே பேசுங்கள்: ஹீல் உதவி எண் 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929.