விமானம் நின்றது யாரால்?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு கண்ட அலங்கோலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. விமான நிலையங்களில் ஆயிரக்கணக்கான பிரயாணிகள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். வைத்தியத்துக்குப் புறப்பட்டவர்கள், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள், வேலையில் சேரப் புறப்பட்டவர்கள் எல்லோரும் பெட்டியையும் காணாமல், பதிலும் கிடைக்காமல் தவித்தார்கள். டிசம்பர் 5ந் தேதி ஒரே நாளில் மட்டும் இண்டிகோ கம்பெனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வீஸ்களை ரத்து செய்தது.

உடனே ஒரு பிரசாரம் கிளம்பியது. விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரவேண்டுமென்று புது விதி வந்ததாம். அதனால்தான் விமானம் நின்றுவிட்டதாம். அதாவது, குற்றவாளி கம்பெனி அல்ல, விமானியின் தூக்கம்!

இந்தக் கதையை நம் ஊர் டீக்கடையிலும் சிலர் அப்படியே ஒப்பிக்கிறார்கள். உண்மை என்ன?

விதி சொல்வது இதுதான். விமானிக்கு வார ஓய்வு 36 மணி நேரம் இருந்தது; அது 48 மணி நேரம் ஆக வேண்டும். இரவு என்று கணக்கிடும் நேரம் நள்ளிரவு முதல் 5 மணி வரை இருந்தது. அது 6 மணி வரை நீள வேண்டும். இரவுப் பணியின்போது ஆறு முறை வரை விமானத்தை இறக்கலாம் என்றிருந்தது. அது இரண்டாகக் குறைய வேண்டும். விமானி விடுப்பு எடுத்தால், அந்த விடுப்பையே வார ஓய்வாகக் கணக்குக் காட்டக் கூடாது. இதில் என்ன அநியாயம் இருக்கிறது?

சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்டு பார்த்த எந்தத் தொழிலாளியையும் கேட்டுப் பாருங்கள். விடிகாலை மூன்று மணிக்குக் கண் என்ன பாடுபடும் என்று அவர் சொல்வார். தறியில் கண் அசந்தால் இழை அறுகிறது, துணி கெடுகிறது, சில சமயம் விரல் போகிறது. விமானத்தில் கண் அசந்தால்?

2010 மே 22ந் தேதி அதற்குப் பதில் கிடைத்தது. துபாயிலிருந்து இரவு முழுக்கப் பறந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் காலை ஆறு மணி சுமாருக்கு மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் மாண்டார்கள். எட்டே பேர் பிழைத்தார்கள். தலைமை விமானி வழியில் நெடுநேரம் தூங்கியதும், அந்தத் தூக்கக் கலக்கத்தில் அவர் முடிவு தவறியதும் விசாரணையில் வெளிவந்தன. அது அன்று சர்க்கார் கம்பெனியின் விமானம்தான். அதையும் மறைக்காமல் சொல்வோம். களைப்பு முதலாளி யார் என்று பார்த்து வருவதில்லை.

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் விமானிக்காகத் தறிக்காரன் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். மங்களூரில் மாண்டவர்களில் பலர் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய ஏழை எளியவர்கள். நம் தாலுகாவிலிருந்து திருவனந்தபுரம் போய் விமானம் ஏறும் பிள்ளைகளும் அதே ஜாதி உழைப்பாளிகள்தான். முன்னால் உட்கார்ந்திருப்பவன் விழித்திருந்தால்தான் பின்னால் இருப்பவன் வீடு சேருவான்.

சரி, இந்த விதி ஓரிரவில் இடிபோல வந்து விழுந்ததா? இல்லவே இல்லை. 2024 ஜனவரியிலேயே வெளியான விதி இது. அந்த ஆண்டு ஜூனிலேயே அமலாகியிருக்க வேண்டும். கம்பெனிகள் முட்டுக்கட்டை போட்டன, தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டில்லி ஹைக்கோர்ட் வரை போய்ப் போராடிய பிறகுதான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு தவணையாக அமலுக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷ அவகாசம்! அதே விதி மற்ற கம்பெனிகளுக்கும்தான் பொருந்தியது. அவை இப்படி முடங்கவில்லையே?

விமானத் தொழிலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. விமானங்களில் பெரும்பகுதி வாடகைக்கு எடுத்தவை. பறந்தாலும் நின்றாலும் வாடகை உண்டு. பறந்தால்தான் வரவு உண்டு. ஆகவே தரையிறங்கிய விமானத்தை அரை மணி நேரத்தில் திருப்பிக் கிளப்பிவிடுகிறார்கள். இயந்திரம் ஓயாமல் ஓடலாம். மனிதன் ஓட முடியாது. ஆகவே ஒரு விமானத்துக்குப் பல ஜோடி விமானிகள் தேவை. அவர்களைச் சந்தையில் ஒரு வாரத்தில் பிடித்துவர முடியாது. 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் பெற வேண்டும். பிறகு அந்தந்த ரக விமானத்துக்குத் தனிப் பயிற்சி பெற வேண்டும். இதெல்லாம் கம்பெனிக்குத் தெரியாதா? 2023 ஜூனில் ஒரே மூச்சில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஓட்டுகிறவனின் ஓய்வுக்கு ஆள் எடுக்க மட்டும் தெரியாமல் போய்விட்டதா? ஆள் எடுத்தால் லாபம் குறையும். விஷயம் அவ்வளவுதான்.

சர்க்கார் என்ன செய்தது? சர்வீஸில் பத்து சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிக் கம்பெனியைக் கண்டித்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே விடுப்பு பற்றிய பிரிவை வாபஸ் வாங்கியது. இரவு வேலை விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் அளித்தது. தவறு செய்தது நிர்வாகம்; விட்டுக்கொடுக்கப்பட்டது விமானியின் தூக்கம், பிரயாணியின் உயிர்!

ஏன் இப்படி மண்டியிட வேண்டியிருந்தது? உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் அந்த ஒரே கம்பெனியின் கையில். டாட்டாவின் ஏர் இந்தியாவையும் சேர்த்தால் இரண்டு கம்பெனிகளிடம் ஏறக்குறைய முழுச் சந்தையும் அடக்கம். 1953ல் எட்டு தனியார் கம்பெனிகளைத் தேசியமயமாக்கி இந்தியன் ஏர்லைன்ஸை அமைத்தது இதே நாடுதான். 1994ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். போட்டி வரும், ஜனங்களுக்கு நன்மை வரும் என்றார்கள். வந்தது ஏகபோகம். 2022 ஜனவரி 27ந் தேதி ஏர் இந்தியாவையும் டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். டிசம்பரில் ஆபத்து வந்தபோது கூடுதல் விமானம் விட சர்க்காரிடம் பெரிய சொந்தக் கம்பெனி இல்லை. மற்ற கம்பெனிகளின் டிக்கெட் விலை விண்ணைத் தொட்டது. 500 கிலோ மீட்டர் வரை ரூ.7,500க்கு மேல் வாங்காதே என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் கூடுதல் பெட்டிகளை இணைத்து, ஸ்பெஷல் ரயில் விட்டு ஜனங்களை ஏற்றிச் சென்றது எது? பொதுத்துறை ரயில்வே!

ஆகவே நாம் கேட்பது தெளிவானது. ஓய்வு விதிகளில் யாருக்கும் எக்காலத்திலும் விலக்கு கூடாது. போதுமான விமானிகள் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகே புதிய சர்வீஸ்களுக்கு அனுமதி தர வேண்டும். கட்டணத்துக்கு நிரந்தர உச்சவரம்பு வேண்டும். ஜனங்களுக்குச் சொந்தமான பெரிய விமானக் கம்பெனி மீண்டும் வேண்டும்.

விமானம் நின்றது விமானி தூங்கியதால் அல்ல. அவனைத் தூங்கவிடாமல் லாபம் பார்க்கத் திட்டம் போட்டவர்களால். இதை டீக்கடையிலும் தறிக்கூடத்திலும் எடுத்துச் சொல்லுவோம்.