பொதி கட்டும் கருவிகள்: எதை எங்கே பாவிப்பது?

எமது ஊர்ப் பாடசாலைகளின் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுத்தரும் தம்பி, தங்கைமாருக்கு முதலில் நன்றி. கூடவே ஒரு விடயம்.

களஞ்சியத்தில் இல்லாத மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்து, 'மேக் இன்ஸ்டால்' கொடுத்து நேரடியாக நிறுவினால், எந்தக் கோப்பு எங்கே போனது என்பது பொதி முகாமைக்குத் தெரியாது. பிறகு அதை நீக்குவது பெரும்பாடு.

இதற்குத்தான் பொதியைத் தானாகக் கட்டும் கருவிகள் வந்தன. 'செக்இன்ஸ்டால்' அந்த நிறுவலைக் கவனித்து, எழுதப்பட்ட கோப்புகளை டெப் பொதியாக்கும். 'ஏலியன்' ஆர்பிஎம் பொதியை டெப் ஆக மாற்றும். 'எஃப்பிஎம்' ஒரு கோப்புறையையோ பைதான், ரூபி பொதியையோ ஒரே கட்டளையில் டெப் அல்லது ஆர்பிஎம் ஆக்கும்.

வேலை இலகுதான். ஆனால் இந்த மென்பொருள் ஓட வேறு எந்த நூலகங்கள் வேண்டும் என்பதைச் செக்இன்ஸ்டால் தேடிப் பதியாது. கோப்புறையிலிருந்து கட்டும்போது எஃப்பிஎம்மும் அப்படித்தான். நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். விட்டால், கட்டிய கணினியில் ஓடுவது பக்கத்துக் கணினியில் ஓடாமல் போகலாம். அடிப்படைப் பொதிகளை மாற்ற வேண்டாமென்று ஏலியனின் கையேடே எச்சரிக்கிறது.

டெபியனின் 'டெப்ஹெல்பர்' கற்க நாளெடுக்கும். ஆனால் அது நிரல் இணைந்துள்ள நூலகங்களைப் பார்த்துத் தேவைகளைத் தானே பதியும்.

ஆகவே எமது கருத்து இதுதான்: சொந்தக் கணினிக்குச் செக்இன்ஸ்டால் போதும். பாடசாலை முழுவதற்கும் கொடுப்பதென்றால் டெப்ஹெல்பரைப் படியுங்கள். நீங்கள் போன பிறகு அந்தக் கணினிகளைப் பார்க்கப்போவது லினக்ஸ் தெரியாத ஓர் ஆசிரியர்.