மறு கண்ணுக்கு முதற் கண் சொல்லும் சாட்சி

கண் அழுத்த நோய் பெரும்பாலும் இரு கண்களையும் பற்றும். ஆகவே ஒரு கண்ணில் அறுவை செய்துகொண்டவர் பிறகொரு நாள் மறு கண்ணுக்கும் அதே வினாவை எதிர்கொள்ள நேரலாம். "ஒன்றில் செய்து பார்த்தாயிற்று, பார்வை திரும்பவில்லை. இதையும் கெடுத்துக்கொள்ள நான் ஆயத்தமில்லை" என்று வாப்பா மறுத்துவிடுவார். பிள்ளைகளும் வற்புறுத்த அஞ்சி வாளாவிருந்துவிடுவர். நோயோ வாளாவிருப்பதில்லை. நான் மருத்துவன் அல்லன். படித்தும் கேட்டும் அறிந்ததையே இங்குக் கூறுகிறேன்.

வாப்பா தோல்வி என்று கருதுவது தோல்விதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கண்புரை அறுவை செய்தவர் சில நாட்களில் சுவர்க் கடிகாரத்தைப் படித்துச் சொல்கிறார். அதே எதிர்பார்ப்புடன் இதற்கும் வருகிறோம். கண் அழுத்த நோயில் அழிந்த பார்வை நரம்பு மீள்வதில்லை. எஞ்சிய பார்வையைக் காப்பதே இவ்வறுவையின் நோக்கம். 30 ஆக இருந்த அழுத்தம் 14 ஆக இறங்கி, பார்வையும் இருந்தபடியே நிலைத்துவிட்டால் மருத்துவர் குறிப்பேட்டில் அது வெற்றி. வீட்டார் கணக்கில் தோல்வி! எனவே, "முதற் கண்ணில் அழுத்தம் இப்போது எவ்வளவு?" என்று கேட்டறிந்த பின்னரே மறு கண்ணைப் பற்றிப் பேசுவது முறை.

உண்மையிலேயே அழுத்தம் இறங்காது போயிருந்தால்? கேம்பிரிட்ஜ் மருத்துவர் கெய்ர்ன்ஸ் 1968இல் வெளியிட்ட டிராபெகுலெக்டமி முறை இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. மேலிமைக்கு அடியில், வெண்விழியில் சிறு வழி அமைத்து, கண்ணினுள் ஊறும் நீர் மெல்லிய சவ்வின் கீழ் கசிந்து வடியச் செய்கின்றனர். மற்றப் புண்கள் ஆறவேண்டுமென்று துஆச் செய்கிறோம். இதுவோ முற்றிலும் ஆறிவிடக் கூடாத புண்! தழும்பேறி வழி அடைபட்டால் அழுத்தம் மீண்டும் ஏறும். தழும்பேறுவது உடலின் இயல்பையும் பொறுத்தது. இரு கண்களும் ஒரே உடலுக்குரியவை. ஆதலால் முதற் கண்ணில் பலிக்காதவருக்கு மறு கண்ணிலும் பலிக்காமற்போகும் வாய்ப்பு கூடுதல் என்கின்றனர் மருத்துவர்கள்.

எனினும் இது சாட்சியே, தீர்ப்பன்று. இரு கண்களின் வரலாறும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் முன்பே வேறு அறுவை நடந்து அச்சவ்வு வெட்டுண்டிருக்கலாம், அழற்சி இருந்திருக்கலாம். பலவகைச் சொட்டு மருந்துகளை நெடுங்காலம் இட்டவர்களுக்கு இவ்வறுவை பலிப்பது குறைவு என்று இங்கிலாந்து மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில் கண்டனர். இதைப் படித்துவிட்டு மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது! அறுவை தேவையென்று உறுதியான பின்னும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதில் நட்டமுண்டு என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது.

இன்னொன்று, நம்மவர் பேச விரும்பாதது. அறுவைக்குப் பின் முதற் சில வாரங்களில்தான் மருத்துவர் தையலைத் தளர்த்தியும், தழும்பை ஊசியால் விலக்கியும் வழியைத் திறந்து வைக்கிறார். அக்காலத்தில் திருமணம், பயணம் என்று பரிசோதனைக்குப் போகாதிருந்தவரின் கண் அடைபட்டால், அதைக் கொண்டு மறு கண்ணுக்கு ஆரூடம் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

முதற் கண்ணில் நேர்ந்தது இன்னதென்று தெரிந்தால் மருத்துவர் திட்டத்தை மாற்றுவார். தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தின் அளவைக் கூட்டலாம்; நீரை வடிக்கும் சிறு குழாயைப் பொருத்தலாம். சிலருக்கு அறுவைக்குப் பின் நீர் திசைமாறிக் கண்ணின் பின்புறம் தேங்கி, அழுத்தம் கடுமையாக ஏறும். ஜெர்மானிய மருத்துவர் ஃபான் கிரேஃபே 1869இலேயே இதை விவரித்துள்ளார். ஒரு கண்ணில் இது கண்டவருக்கு மறு கண்ணிலும் காணும் அபாயம் மிகுதி. ஆகவே இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

மருத்துவமனை மாறும்போது "ஆபரேஷன் ஃபெயில்" என்ற இரண்டு சொற்களோடு போய் நிற்கிறோம். பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள். அறுவை நடந்த நாள், முன்பும் பின்பும் இருந்த அழுத்தம், இட்ட மருந்துகள், ஏற்பட்ட சிக்கல் ஆகியவை அவற்றில் இருக்கும். குனிவதை எத்தனை வாரம் தவிர்க்க வேண்டும் என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை ஸஜ்தாவுக்குக் குனியாமல், அமர்ந்து சைகையால் தொழ நோயாளிக்கு அனுமதி உண்டு.